பட்சி மானியம்

மழை வழிதப்பிப்போன ஒரு காலத்திலே, நெடுங்கரை என்று ஒரு பாளையம் இருந்ததாம், பாளையத்துக்கு ஒரே ஒரு ராசாளி இருந்ததாம், அந்த ராசாளியைக் கையில் ஏந்த ஒரே ஒரு ஆள் இருந்தானாம். ஆள் பேர் சோணை. ராசாளி இப்போது வறண்ட கண்மாய்க்கு மேற்கே, மட்டையெல்லாம் உதிர்ந்து தலையில்லாமல் நிற்கிற மொட்டைப்பனையின் உச்சியில் உட்கார்ந்திருக்க, சோணை கீழே நின்று இரைக்கயிற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கயிற்று நுனியில் ஒரு தோல்பொதி, பொதியின் இரண்டு பக்கமும் புறாச்சிறகு, நடுவே ஒரு துண்டு இறைச்சி. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாம் சுற்றில் ‘தாயீ’ என்று ஒரு குரல், பிறகு கயிற்றைத் தரையில் விழவிட்டு அண்ணாந்து பார்ப்பது, காலையிலிருந்து இதேதான். பனையின் நிழல் கிழக்கே நீண்டு கண்மாய்க்கரையைத் தொடுவதற்குள் பட்சி கைக்கு வந்தாக வேண்டும் என்று அரண்மனை மணியம் தொட்டப்ப நாயக்கர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, பாளையத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழமை அது. ராசாளிக்கென்று விட்ட நிலம் மூன்று குறுக்கம், பட்சி மானியம் என்று அதற்குப் பேர். பட்சி இருக்கிறவரைக்கும் அதை ஏந்துகிறவன் அதில் குடியிருக்கலாம், உழலாம், விதைக்கலாம். பட்சி போனால் அவனும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அந்த நிலத்தின் வடமூலையில், வேம்படியில், பதினோரு நாளைக்கு முன்னால்தான் சோணை தன் மகள் நாச்சியைப் புதைத்திருந்தான்.

நிழலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், நினைத்த மாத்திரத்தில் பார்த்தான், அது இன்னும் பனையின் காலடியில்தான் சுருண்டு கிடந்தது, நாய் மாதிரி, எழுந்திருக்க மனமில்லாத கிழட்டு நாய் மாதிரி, அப்படியே கிட, அப்படியே கிட என்று அதைக் கெஞ்சினான். காலையில் எல்லாம் நன்றாகத்தானே இருந்தது. பாளையக்காரர் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் கரைமேல் வரிசையாக நின்றார்கள், பட்டுத்துணி வெயிலில் மின்னியது, பெண்ணோடு சீராகப் போகப்போகிற ராசாளி இதுதானா, இதுதானா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சோணை பட்சியின் கண்ணை மூடியிருந்த குல்லாவை உருவினான், அது கண்ணைத் திறந்து ஒருமுறை உலகத்தைப் பார்த்தது, கையை உந்தினான், போயிற்று. மேலே, மேலே, காலில் கட்டிய மணி கேட்காத உயரம் வரைக்கும். கொக்கைக் கிளப்பிவிட மாயன் தப்பை அடித்தான், வறண்ட கண்மாயில் எங்கிருந்தோ வந்து ஒளிந்திருந்த ஒற்றைக் கொக்கு எழுந்தது, வெள்ளையாய், மெதுவாய், அடிக்கப்படுவதற்கென்றே பிறந்த மாதிரி. ராசாளி சிறகை மடக்கப் போகிறது, இதோ, இதோ என்று சோணை அண்ணாந்து நின்றான். அது மடக்கவில்லை. கொக்கைப் பார்த்தது, பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, தலை திரும்பியதை அவன் கண்டான், பார்த்துவிட்டு, சந்தைக்குப் போனவள் வேண்டாத காயைப் பார்த்துவிட்டு நகர்வதுபோல, ஒரு வட்டம் அடித்து இறங்கி இந்தப் பனையில் உட்கார்ந்துவிட்டது. கரையில் யாரோ சிரித்தார்கள். கொக்கு அதுபாட்டுக்குத் தெற்கே போனது. வந்தவர்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள், மாயன் மட்டும் தப்பை மடியில் வைத்துக்கொண்டு கருவேல நிழலில் குந்தியிருந்தான், அவன் சோணையின் பெண்டாட்டி ஒச்சாயிக்கு ஒன்றுவிட்ட தம்பி, மச்சினன் முறை, வாய் சும்மா இருக்காது. “அண்ணாந்து அண்ணாந்து கழுத்து சுளுக்கிக்கிராதீங்க மச்சான். மேல இருந்து அது தண்ணி எங்கன கெடக்குன்னு பாக்குதுபோல. தெரிஞ்சா நமக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க” என்றான். சோணைக்குச் சிரிப்பு வரவில்லை, அவனுக்காகச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தான், வாய் காய்ந்திருந்தது, கட்டைவிரல் என்று நினைத்தான். கட்டைவிரல். ஏன் வைக்கவில்லை.

கட்டைவிரலை ராசாளியின் நெஞ்செலும்பில் வைத்துப் பார்ப்பது இந்த வேலையில் முதல் வேலை. காலையில் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்னால் அது. எலும்பின் விளிம்பு கத்தி முதுகுபோல விரலில் பட்டால் பட்சி மெலிந்துபோயிற்று, கூட ஒரு வாய் வேண்டும். எலும்பே தட்டுப்படாமல் இரண்டு பக்கமும் சதை தலையணையாய் எழும்பியிருந்தால் கொழுத்துப்போயிற்று, பறக்க விடாதே, விட்டால் வராது. வேறு கட்டு எதுவும் ராசாளிக்குக் கிடையாது, நன்றி, பழக்கம், எசமான் என்று எதுவும் அதன் மண்டைக்குள் ஏறாது, கால்வாரைக் கையிலிருந்து விட்டபிறகு அதைக் கைக்குத் திருப்பிக் கொண்டுவருவது பசி ஒன்றுதான். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். இருபது வருசமாகத் தெரியும். பத்து நாளாக அவன் விரலை வைக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் கை கிட்டே போனது, இறகை விலக்கப் போனது, நின்றது. கடைசியாக அந்த விரல் ஒரு நெஞ்சில் வைத்துப் பார்த்தது நாச்சியின் நெஞ்சில். வழக்கம் அது, கை தானாகப் போய்விட்டது, பிள்ளை பாயில் கிடக்கும்போது பட்சியைப் பார்ப்பதுபோல நடுநெஞ்சில் கட்டைவிரலை வைத்தான், எலும்பு விளிம்பு நேராக விரலில் ஏறியது, இதுக்குக் கூட ஒரு வாய் வேணும் என்று மனசு கணக்குப்போல ஒப்பித்தது, ஒச்சாயி பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஆறு வயசு. அதற்கப்புறம் எந்த நெஞ்சில் விரலை வைப்பது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. தாயீ. கயிறு விழுந்தது, புழுதி எழும்பி அவன் முழங்காலுக்கு வந்து அடங்கியது, மேலே அது ஒற்றைக் காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டது. அந்தக் காலை மடக்கினதைப் பார்த்ததும் அவனுக்கு உள்ளே எதுவோ உட்கார்ந்துவிட்டது. நிறைந்த வயிறுதான் அப்படிக் காலை மடக்கும். சுகமாக இருக்கிறது அதற்கு. பத்து நாளில் சுகமாக இருக்கிற ஒரே உயிர்.

நாச்சியும் அதற்குத் தாயீ என்றுதான் கூப்பிடுவாள், அரண்மனை அதற்கு ராமபாணம் என்று பேர் வைத்திருந்தாலும். அதைப் பிடித்துவந்த அன்றைக்கு நாச்சிக்கு நாலு வயசு, வழமைப்படி இரண்டு இமைகளையும் சோணை ஒற்றை நூலில் தைத்தான், பட்சிக்கு வலிக்காத இடம் அது, இமையின் ஓரத் தோல், கண்ணை மூடினால் பயம் தெரியாது, பயம் தெரியாவிட்டால் சாகாது. பிள்ளை வாசலில் நின்று பார்த்து அழுதாள், கண்ணை ஏம்ப்பா தைக்கிற என்று நாலைந்து நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாளுக்கு ஒரு இழையாக அவிழ்ப்பேன் தாயி, கொஞ்சம் கொஞ்சமா நம்மளப் பாக்கும், பழகிரும் என்றான். அப்படித்தான் அவிழ்த்தான், ஒரு கீற்று வெளிச்சம், இன்னொரு கீற்று, கடைசி இழை போனபோது அந்தக் கறுத்த கண்ணில் முதலில் விழுந்தது நாச்சியின் முகம்தான், ஒரு விரலை வாயில் வைத்துக்கொண்டு. எல்லாம் சேர்ந்து வருகிறதே. நாச்சியின் கண் மூடவில்லை. அவன் மூடினான், திறந்துகொண்டது, மறுபடி மூடினான், ஒரு கண் மட்டும் ஒரு கீற்று திறந்தே இருந்தது, அவன் விரல்கள் இமை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்த விரல்களுக்கு என்ன தெரியும் என்பது ஒச்சாயிக்கும் தெரியும், அவள் அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். “வேணாம். கொஞ்சம் பாக்கட்டும்” என்றாள். அதற்கப்புறம் அவள் அவனிடம் அதிகம் பேசவில்லை. கோபமில்லை, சண்டையில்லை, பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். காலையில் ஊற்றில் தோண்டித் தோண்டி ஒரு செம்பு தண்ணீர் சேர்ப்பாள், கலங்கின தண்ணீர், தனக்குக் கால் செம்பு, அவனுக்குக் கால், மிச்சத்தைக் கொண்டுபோய் வேம்படியில் ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வாள். இங்கிருந்து பார்த்தால் இப்போதும் தெரிகிறாள், கண்மாய்க்கு அப்பால், சேலை ஒரு பழுப்புப் பொட்டாக. அந்தப் பொட்டிடம் போய் என்ன சொல்வது, எழுந்திரு, போகலாம் என்றா, எங்கே என்று கேட்கமாட்டாள், கேட்டால்கூடப் பரவாயில்லை.

நிழல் நகர்ந்துவிட்டது. காலடியை விட்டு வெளியே வந்து உழவுச்சாலைத் தாண்டிப் படுத்திருந்தது. எப்போது. அவன் பார்த்துக்கொண்டேதானே இருந்தான். பொதியில் இருந்த இறைச்சி கறுத்துவிட்டது, இரண்டு ஈ. அரண்மனைப் புறாக்கூண்டிலிருந்து ராசாளிக்கு நாளுக்கு ஒரு முழுப் புறா, யாரோ ஒரு பழைய பாளையக்காரர் தன் பெருமைக்கு வைத்த அளவு, எந்த ராசாளிக்கும் அது அதிகம், முன்னால் இருந்தவர்கள் அப்படியே போட்டார்கள், பட்சிகள் குண்டுக்கோழியாய்க் கட்டையில் தூங்கின. சோணை முதலில் முக்கால் போட்டான், கால் பங்கைப் பருந்துக்கு எறிந்தான், பட்சி நன்றாகவே பறந்தது. பிறகு மழை பொய்த்து, தானியம் தீர்ந்து, நாச்சிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து, வயிறு உப்பி, கால் குச்சியாகி, ஒருநாள் புறாவை அறுக்கும்போது கத்தி நடுவில் இறங்கியது. பாதி அதற்கு, பாதி இதற்கு. ஒச்சாயி ஒன்றும் கேட்காமல் உலையை வைத்தாள். கறிவேப்பிலை இல்லை, மிளகு நாலு இருந்தது, புறாச்சாறு மணந்தபோது கட்டையில் இருந்த ராசாளி குல்லாவுக்குள்ளேயே தலையைத் திருப்பியது, அது தன் பங்கை முகர்கிறது என்று அவனுக்குப் பட்டது, ராசாளிக்கு மோப்பம் கிடையாது என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் அன்றைக்கு அதன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான். அதிசயம் என்னவென்றால் பாதியில்தான் அது பறந்தது. போன வருசம் முழுக்க நெடுங்கரை ராசாளி, நெடுங்கரை ராசாளி என்று சுற்றுப்பட்டுப் பாளையமெல்லாம் பேச்சு, வானத்தைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறது என்றார்கள், பாளையக்காரர் சோணைக்குத் தன் கையால் தலைப்பாகை கட்டிவிட்டார். அவ்வளவும் பிள்ளை குடித்த சாறு. அவள் ஒரு வாய் குடித்தால் அது ஒரு பனை உயரம் கூட ஏறியது. பிறகு அவள் குடிப்பதை நிறுத்தினாள். வாயோரத்தில் வழிந்துவிடும். புதைத்துவிட்டு வந்த மறுநாள் அரண்மனைப் புறா வழக்கம்போல வந்தது, சோணை கத்தியை எடுத்தான், நடுவில் வைத்தான், யாருக்கு வெட்டுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகத் தூக்கி அதன் முன்னால் போட்டான். தின்னு தாயி. உன்னதுதான, உன்னதத்தான எடுத்துக்கிட்டேன் இத்தனை நாளும். அது தின்றது. இறகு, குடல், எலும்பு ஒன்று விடாமல், தொண்டைப்பை புடைக்கப் புடைக்க. ஒரு உயிர் தின்பதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் பார்க்க வேண்டும்போல இருந்தது. பாவத்தைக் கழுவுகிறோம் என்று நினைத்தானா, நினைக்கவில்லை, நினைத்திருக்கலாம். நேற்றுச் சாயங்காலம்கூட ஒரு முழுப் புறா. வேட்டைக்கு முந்தின நாள். இருபது வருசத்தில் எந்த மடையனும் செய்யாத காரியம்.

தொட்டப்ப நாயக்கர் குதிரை இல்லாமல் நடந்தே வந்தார். மூட்டுவலிக்காரர், கண்மாய் வெடிப்புகளில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து, சோணைக்குப் பக்கத்தில் நின்று, அவரும் அண்ணாந்து பார்த்தார். மாயன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளிப்போய் நின்றான். நிழல் நுனிக்கும் கரைக்கும் நடுவே ஒரு கோவணத்துணியை விரிக்கிற அளவுதான் இருந்தது.

“கொக்கப் பாத்துட்டுத் திரும்பிருச்சே. எதனால?” என்று கேட்டார்.

“வயிறு நெறஞ்சிருக்கு சாமி.”

“என்ன போட்ட?”

“அரண்மனை அளந்ததுதான் சாமி. பத்து நாளா முழுப் புறாதான் போடுறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. பத்து நாளா. நாக்கைக் கடித்தான், கடித்து என்ன, அது வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. நாயக்கர் அவசரப்படவில்லை. இடையில் ஒரு காற்று வந்து பனந்தண்டில் உரசிவிட்டுப் போனது, மேலே மணி லேசாகக் கிணுங்கியது, சோணை பொய்களைத் தேடினான், பட்சிக்குச் சீக்கு என்று சொல்லலாம், புறாவைப் பூனை இழுத்துவிட்டது என்று சொல்லலாம், ஒரு வருசம் முழுக்கவா பூனை இழுக்கும், சொல்லலாம்.

“அதுக்கு முன்னாடி?” என்றார் நாயக்கர்.

“பாதி சாமி.”

“மீதி?”

“பிள்ளைக்கு.”

அரண்மனைப் பட்சியின் இரையில் கை வைத்தவனுக்கு என்ன என்பதற்கும் வழமை இருந்தது, அதை நினைத்ததும் வலது மணிக்கட்டு தானாகச் சில்லிட்டது. நாயக்கர் அவன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. கண்மாய்க்கு அப்பால் தெரிந்த பழுப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தின்னுச்சா?”

“சாறு மட்டும் சாமி. நாளுக்கு ரெண்டு வாய்.”

“ம்” என்றார். அப்புறம், “போன வருசம் அது பறந்த பறப்பு பூராவும் பாதிப் புறாவிலயா?”

“ஆமாங்க சாமி. பசியிலதான் பறக்கும். ரெண்டு நாள் விட்டீங்கன்னா போதும், அதுவா எறங்கிரும். நான் இந்த எடத்த விட்டு அசையமாட்டேன். ரெண்டே நாள்.”

“ரெண்டு நாள் குடுக்க நான் யாருடா. வந்தவுக பொழுதோட கெளம்புறாக, வெறுங்கையா நிக்கிறோமேன்னு ராசா மொகத்துல ஈயாடல.” நிறுத்தினார். “அந்தப் பாதிக் கதைய நான் கேக்கல. பட்சி காத்துல தெசை மாறிப் போயிருச்சின்னு சொல்லிர்றேன். அதுக்கு மேல என்னால ஆகாது. விடியறதுக்குள்ள நெலத்த விட்டுருங்க, நீயும் உன் வீட்டுக்காரியும். கைய நீட்டு.”

சோணை இடது கையை நீட்டினான். நாயக்கர் பட்சியை ஏந்துகிற தோலுறையை அதிலிருந்து உருவினார், அது லேசில் வரவில்லை, வேர்வையில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக வந்தது, உள்ளேயிருந்து வெளுத்து வெளிறி, தண்ணீரில் ஊறின மாதிரி ஒரு கை. அதைப் பார்க்க அவனுக்கே யாருடைய கையோ போல இருந்தது. நாயக்கர் உறையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்தது போலவே வெடிப்புகளைப் பார்த்துப் பார்த்து, கரையேறிப் போனார். நிழல் அவருக்கு முன்னாலேயே கரை ஏறியிருந்தது. மாயன் கொஞ்சநேரம் தப்பின் தோலைத் தடவிக்கொண்டு நின்றான், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க முடியுமா என்று தேடினவன்போல, கிடைக்கவில்லை. “சட்டிபானை தூக்க நானும் வாறேன் மச்சான். எல்லை வரைக்கும்” என்று சொல்லிவிட்டு அவனும் போய்விட்டான்.

பிறகும் சோணை சுழற்றினான். உறை இல்லாத கையில் அது இறங்கினால் நகம் எலும்புவரை போகும் என்பது நினைவுக்கு வந்தது, போகட்டும் என்றிருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மேலே அது கழுத்தை முன்னும் பின்னும் நெளித்தது, வாயைப் பிளந்தது, தலையை உதறியது, ஏதோ ஒன்று பனையை உரசிக்கொண்டு கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தான். ராசாளி கக்குகிற தூவியுருண்டை, இன்னும் வெதுவெதுப்பாக, கட்டைவிரல் பருமன். வழக்கப்படி பிட்டுப் பார்த்தான், இறுக்கமான புறா இறகு, நாலு பொடி எலும்பு, நாற்றமில்லை, சளியில்லை. நேற்றுத் தின்றது முழுசும் செரித்துவிட்டது என்று அர்த்தம். காலையில் கக்க வேண்டியது, கொழுப்பினால் இவ்வளவு தாமதம். இனிமேல்தான் வயிறு காலியாகும். நாளைக்குச் சுருக்கென்னும், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். நாளை மறுநாள் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடும், எங்கேயும் போகாது, நேராக இந்த இடத்துக்கு, பொதி விழுந்து விழுந்து புழுதி பறந்த இந்தக் குழிக்கு. வந்து தரையில் நின்று கத்தும். பசித்த குஞ்சு கத்துகிறமாதிரி, ஒரே குரலில், விடாமல். அப்போது யார் இருப்பார்கள். அவன் எந்த எல்லைக்கு அப்பாலோ, எந்தச் சாவடியிலோ. வேம்படிக்குத் தண்ணீர் யார் ஊற்றுவார்கள். காலில் தொங்குகிற வார் கருவேல முள்ளில் மாட்டினால் தலைகீழாகத் தொங்கும், யாராவது அறுத்துவிட வேண்டும், யார். நாச்சி கடைசி நாளில் பசிக்குது என்று சொன்னாள், பல நாளைக்கப்புறம் அவளாகக் கேட்டாள், ஒச்சாயி ஓடிப்போய்ச் சாற்றைச் சுடவைத்துக் கொண்டுவருவதற்குள் தூங்கிவிட்டாள், தூக்கம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள், எழுப்பவில்லை, தூங்கட்டும் என்று சாறு ஆறுகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கயிற்றைச் சுருட்டினான். பொதியிலிருந்த கறுத்த இறைச்சியைப் பிரித்துக் குழியில் வைத்தான், அது கிடக்காது, சாயங்காலத்துக்குள் காக்கை கொண்டுபோய்விடும், தெரியும், வைத்தான். கண்மாய்க்கு அப்பால் ஒச்சாயி எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், நாயக்கர் கரையேறிப் போனதை அவள் பார்த்திருப்பாள், கக்கத்தில் இருந்தது என்ன என்பது அவ்வளவு தூரத்துக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. சோணை அவளை நோக்கி நடக்க ஆரம்பித்தான். வெடிப்புகளைத் தாண்டும்போது வலது கை பாட்டுக்கு வீசிக்கொண்டு வந்தது, இடது கை மட்டும் முழங்கையில் மடங்கி, இடுப்புக்கு மேலே ஆடாமல் அசையாமல், எதுவோ அதில் உட்கார்ந்திருப்பதுபோல நீண்டே இருந்தது. இருபது வருசமாகப் பட்சியைச் சுமந்த கை, பதினோரு நாளைக்கு முன்னால் பிள்ளையை அந்த வேம்படிக்குச் சுமந்துகொண்டு போன கை. கீழே தொங்கவிட்டுப் பார்த்தான். நாலு எட்டு வைப்பதற்குள் அது தானாக மேலே வந்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு நடந்து போனான்.